சனிக்கிழமை பத்து மணி

குளத்தூர்
11 ஜூன் 2023

என் தங்கச்சி நீதுவுக்கு,

அண்ணன் அஜீஷ் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். அங்கே மலைக்குளிரில் உன் மூக்கடைப்பு எப்படி இருக்கிறது என்று அம்மா தினமும் என்னைக் கேட்கிறாள், எனக்கு எப்படித் தெரியும்? எழுது.

கன்னியாஸ்திரிப் பயிற்சி முடியும்வரை போன் கிடையாது, மாதம் ஒரு கடிதம்தான், அதையும் மதர் பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருவார் என்று சொல்லிவிட்டுப் போனாய். ஆகவே மதருக்கும் என் வணக்கம். என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் எழுதியதெல்லாம் ஆசுபத்திரி ரெஜிஸ்டர் மட்டும்தான்.

வேலை அப்படியேதான். முப்பது கட்டில் ஆசுபத்திரிக்கு மெயின்டனன்ஸ் என்று நான் ஒருவன். காலையில் ஸ்டெரிலைசர், பிறகு ஓடாத ஃபேன், பிறகு அடைத்த கக்கூஸ். டாக்டர் லீலாபாய் சூப்பரின்டெண்டென்ட் ஆன பிறகு எல்லாவற்றுக்கும் ஒரு ரெஜிஸ்டர் வந்துவிட்டது. ஜெனரேட்டரைச் சனிக்கிழமைதோறும் பத்து மணிக்கு ஓட்டிப் பார்க்க வேண்டும், கால் மணிநேரம். வாட்ச்மேன் சதாசிவண்ணன் ஓட்டியவர் என்று கையொப்பம் போட வேண்டும், நான் சரிபார்த்தவர் என்று ஒப்பிட வேண்டும். அந்த ஜெனரேட்டர் இருப்பது பிரசவ வார்டு ஜன்னலுக்கு நேர் கீழே. ஸ்டார்ட் ஆனதும் புகை நேராக உள்ளே போகும். பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் அழும். தாய்மார் ஜன்னல் வழியாக என்னைத் திட்டுவார்கள். நீ கோயிலில் கேட்காத வார்த்தைகள்.

அம்மாவுக்கு முட்டுவலி கொஞ்சம் உண்டு. வேறொன்றும் இல்லை. உன் பதிலுக்காகத் தபால்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
அண்ணன்


நவகன்னியர் இல்லம்
2 ஜூலை 2023

அன்புள்ள அண்ணனுக்கு,

இயேசுவுக்குப் புகழ். நான் சுகம். மூக்கு மட்டும் இன்னும் இந்த மலையோடு சமாதானம் ஆகவில்லை. அம்மாவிடம் முட்டில் தைலம் போட்டுவிட்டு உடனே முற்றம் பெருக்கப் போக வேண்டாம் என்று சொல்லுங்கள்.

உறையில் சிஸ்டர் நீது என்று எழுதியிருந்தீர்கள். இன்னும் சிஸ்டர் ஆகவில்லை. இப்போதைக்குப் பாத்திரம் கழுவுகிறவள்.

மதர் உங்கள் கடிதத்தைத் தரும்போது சிரித்துக்கொண்டே தந்தார். "உன் அண்ணன் எனக்கும் வணக்கம் வைத்திருக்கிறார்" என்றார். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

பிறந்த பிள்ளைகளுக்குப் புகை அடிக்கிறது என்று சிரிப்பாக எழுதியிருக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு நாள் வயதுப் பிள்ளையின் நெஞ்சு எவ்வளவு இருக்கும்? அண்ணன் நினைத்தால் அதற்கு ஒரு வழி செய்ய முடியாதா? வீட்டில் கெட்டுப்போன மிக்ஸியைக்கூட மூன்று முறை உயிர்ப்பித்தவர்தானே.

உங்கள் இருவருக்காகவும் தினமும் மன்றாடுகிற,
நீது


குளத்தூர்
23 ஜூலை 2023

அன்புத் தங்கச்சி நீதுவுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மா அதை இரண்டு நாள் தலையணைக்கடியில் வைத்திருந்தாள். எல்லோரும் சுகம், முட்டுவலி உட்பட.

நீ கேட்ட காரியத்துக்கு வழி கண்டுபிடித்தாயிற்று. நீ எழுதிய அதே வாரம் பிரசவ வார்டு நர்ஸ் பிந்துஜாவும் கீழே இறங்கி வந்தாள். "அஜீஷண்ணா, இந்தப் பொகை கொண்டு பிள்ளேளுக்கு இருமலாக்கும். வல்லதும் செய்யணும் கேட்டியளா" என்றாள். இரண்டு பெண்கள் சொன்ன பிறகு நான் சும்மா இருப்பேனா? இப்போது புகையும் இல்லை, அழுகையும் இல்லை. ஜன்னல் திட்டும் நின்றுவிட்டது. போன சனிக்கிழமை ஒரு குழந்தையின் பாட்டி எனக்கு லட்டு தந்தாள்.

சதாசிவண்ணன் இருக்கிறாரே, நான் எழுதி நீட்டும் இடத்தில் எல்லாம் ஒப்பிட்டுத் தருவார். "நீ எழுதினா செரியா இருக்கும் மக்கா" என்பார். ஐம்பத்தெட்டு வயதில் என்னைவிட வேகமாகப் படியேறுகிறார்.

மழை நன்றாகப் பிடித்திருக்கிறது. பொழியூரில் கடல் மறுபடியும் கரையைத் தின்கிறது என்று கேட்டேன். உப்புக்காற்று இங்கேவரை வந்து ஆசுபத்திரியில் இரும்பாக இருப்பதையெல்லாம் அரிக்கிறது. எனக்கு வேலை தீராது.

மதருக்கு மீண்டும் வணக்கம் சொல்லும்,
அண்ணன்


நவகன்னியர் இல்லம்
6 ஆகஸ்ட் 2023

அன்புள்ள அண்ணனுக்கு,

இயேசுவுக்குப் புகழ். சுகம், சுகம் அறிய ஆசை.

லட்டு வாங்கியதை எழுதினீர்கள், என்ன வழி செய்தீர்கள் என்பதை எழுதவில்லை. குழாயை மாற்றினீர்களா? ஜெனரேட்டரையே நகர்த்திவிட்டீர்களா? இங்கே எங்கள் அடுக்களைப் புகைக்கும் அது உதவுமா என்று மதர் கேட்கிறார்.

இந்த மாதம் தோட்டவேலை எனக்கு. கைகளைப் பார்த்தால் அம்மா அழுவாள், அதனால் அவளிடம் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
நீது


குளத்தூர்
22 அக்டோபர் 2023

என் நீதுவுக்கு,

இரண்டு மாதம் கடிதம் போடவில்லை. உன் செப்டம்பர் கடிதமும் அக்டோபர் கடிதமும் மேசைமேல் இருக்கின்றன. அம்மா சுகம். நானும் உடம்புக்குச் சுகம்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் பெரிய மழை. ரோட்டோர மரம் கம்பிமேல் விழுந்து கரண்ட் போனது. கரண்ட் போனால் முதலில் இன்வெர்ட்டர் அரை மணிநேரம் தாங்கும். வழக்கமாக அதற்குள் வந்துவிடும். அன்றைக்கு வரவில்லை. ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரி இறங்கியிருந்தது, முனையெல்லாம் உப்புப் பூத்திருந்தது.

அப்போது பிரசவ வார்டில் ஒரு பிள்ளை ஆக்சிஜன் மெஷினில் இருந்தது. பொழியூரிலிருந்து வந்த லேகா என்ற பெண்ணின் பிள்ளை. பிறந்து நாலு மணிநேரம். மெஷின் நின்றது, சூடு கொடுக்கிற விளக்கும் நின்றது. பிந்துஜா காற்றுப்பையை அமுக்கி அமுக்கிக் கையாலேயே மூச்சுக் கொடுத்தாள். பிறகு சிலிண்டர் வந்தது, மாட்டினோம். ஆம்புலன்சில் திருவனந்தபுரம் கொண்டுபோனார்கள். பிள்ளை உயிரோடு இருக்கிறது. கண் திறக்கவில்லை என்று நேற்று சொன்னார்கள்.

நீ ஜெபித்துக்கொள். மதரையும் ஜெபிக்கச் சொல். வேறு எழுத முடியவில்லை.
அண்ணன்


நவகன்னியர் இல்லம்
5 நவம்பர் 2023

அன்புள்ள அண்ணனுக்கு,

இயேசுவுக்குப் புகழ். அம்மாவும் நீங்களும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? இங்கே இருபத்திரண்டு பேரும் அந்தப் பிள்ளைக்காகக் காலையும் மாலையும் மன்றாடுகிறோம். பெயர் தெரியாததால் லேகாவின் பிள்ளை என்றே சொல்கிறோம். கண் திறந்ததா? எழுதுங்கள்.

அண்ணா, உங்கள் கடிதத்தைப் பல தடவை படித்தேன். எனக்கு மெஷினைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒன்று மட்டும் புரியவில்லை. சனிக்கிழமை கால் மணிநேரம் ஓடிய ஜெனரேட்டர் செவ்வாய்க்கிழமை ஏன் ஓடவில்லை?

கவலையோடு,
நீது


குளத்தூர்
19 நவம்பர் 2023

நீதுவுக்கு,

சுகம். அம்மாவுக்குத் தைலம் வாங்கிக் கொடுத்தேன்.

பிள்ளை கண் திறந்தது. பால் குடிக்கிறது. ஆனால் பதினொரு நிமிடம் சரியான ஆக்சிஜன் இல்லாமல் இருந்ததால் காது கேட்குமா, தலை நிற்குமா என்பதெல்லாம் ஐந்தாறு மாதம் போனால்தான் தெரியுமாம்.

ஆசுபத்திரியில் விசாரணை நடந்தது. ரெஜிஸ்டரை மேசைமேல் விரித்து வைத்தார்கள். ஓட்டியவர் என்ற இடத்தில் சதாசிவண்ணன் கையொப்பம். ஓட்டாமலே ஒப்பிட்டிருக்கிறார் என்று அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். என்னிடமும் கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

மெஷின் காரியம் உனக்குப் புரியாது. பேட்டரி எப்போது வேண்டுமானாலும் போகும். அதைப் பற்றிக் கேட்காதே.
அண்ணன்


நவகன்னியர் இல்லம்
3 டிசம்பர் 2023

அன்புள்ள அண்ணனுக்கு,

இயேசுவுக்குப் புகழ். இந்தக் கடிதம் உங்களை நல்ல சுகத்தில் காணட்டும்.

கண் திறந்தது என்று வாசித்ததும் சாப்பாட்டு மேசையில் எல்லோரும் கை தட்டினோம். அங்கே பேசவே கூடாது, மதரும் சேர்ந்து தட்டினார்.

சதாசிவண்ணன் படியேறுகிற வேகத்தைப் பற்றி எழுதியிருந்தீர்களே. அவர் இப்போது பகலெல்லாம் என்ன செய்கிறார்? யார் எழுதி நீட்டிய இடத்தில் அவர் ஒப்பிட்டார்?

தெரிந்ததைச் சொன்னேன் என்கிறீர்கள். என்ன தெரிந்தது அண்ணா?

நீது


குளத்தூர்
17 டிசம்பர் 2023

என் நீது மக்களே,

மதர், இதை நீங்கள் முதலில் படிப்பீர்கள் என்று தெரியும். படித்துக்கொள்ளுங்கள். ஆனால் அவளிடம் கொடுத்துவிடுங்கள். வேறு யாரிடமும் என்னால் சொல்ல முடியாது.

நான் செய்த வழி இதுதான்: ஜெனரேட்டரை ஓட்டவே இல்லை. ஜூலை நடுவிலிருந்து பதினான்கு சனிக்கிழமை ஓட்டவில்லை. சதாசிவண்ணன் இரண்டாவது வாரமே கேட்டார். "எலே, ஓட்டாம எப்படில எழுதுவ?" என்றார். "பிள்ளேளுக்குப் பொகை அடிக்கும், இப்ப ஓட்டாண்டாம் அண்ணே, அடுத்த மாசம் குழாயை ஒசத்தி வச்சிட்டு ஓட்டலாம்" என்றேன். குழாயை உயர்த்த இரண்டு மணிநேரம் போதும். இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போட்டேன். ரெஜிஸ்டரில் மாதத்துக்கு ஒரே நாளில் நாலு வரி எழுதினேன். பத்து மணி, பதினைந்து நிமிடம், குறை ஒன்றுமில்லை. வெவ்வேறு நாள் எழுதியதுபோல் தெரிய இரண்டு பேனா வைத்திருந்தேன்.

ஓடினால்தான் அந்தப் பேட்டரி ஏறும். அது எனக்குத் தெரியும். ஓடாமல் கிடந்தால் உப்புக்காற்றில் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

விசாரணையில் டாக்டர் லீலாபாய் நேராக என்னைக் கேட்டார். "அஜீஷே, சனியாழ்ச்ச பத்து மணிக்கு நீ எங்க உண்டாயிருந்தே?" நான் மாடியில் ஸ்டெரிலைசர் பக்கம் இருந்தேன், கீழே சதாசிவண்ணன் ஓட்டுவார் என்று நம்பி ஒப்பிட்டேன் என்று சொன்னேன். சதாசிவண்ணன் அந்த அறையிலேயே, எனக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். "ஒப்பு என்னுததான்" என்று மட்டும் சொன்னார். பிந்துஜா வராந்தாவில் நின்றாள். உள்ளே வரவில்லை. அவள் கேட்டதால்தானே நிறுத்தினேன், அந்தப் பயம் அவளுக்கு.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. அதை அவர்கள் கேட்கவில்லை. இன்வெர்ட்டர் நின்றதும் பிந்துஜா மேலேயிருந்து சிலிண்டர் சிலிண்டர் என்று கூப்பிட்டாள். ஸ்டோர் சாவி என் இடுப்பில் இருந்தது. நான் ஜெனரேட்டர் அறையில் செல்ஃப் அடித்துக்கொண்டே நின்றேன். இரண்டாவது தடவையிலேயே ஓடாது என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் அடித்தேன். விட்டுவிட்டுப் போனால் ஓடவில்லை என்று ஆகிவிடுமே. சதாசிவண்ணன் வந்து என் இடுப்பிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு போனார். சிலிண்டரைத் தோளில் வைத்து மாடிக்குத் தூக்கியது அவர். அந்தப் பதினொரு நிமிடத்தில் எட்டு நிமிடம் என்னுடையது.

அவர் இப்போது பாறசாலை ரோட்டில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். நான் சைக்கிளில் போனால் தலையைத் திருப்பிக்கொள்கிறார்.

அம்மாவுக்குத் தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது நீது. வேறொன்றும் இல்லை, பயம்தான்.

அண்ணன்


குளத்தூர்
14 ஜனவரி 2024

நீதுவுக்கு,

சுகமா? கிறிஸ்துமஸ் போய்விட்டது, ஜனவரி முதல் ஞாயிறும் போய்விட்டது, உன் கடிதம் வரவில்லை. மதர் கொடுக்கவில்லையா? கொடுத்திருந்தால் அந்தக் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடு. என்னவோ மனக்கஷ்டத்தில் எழுதினேன். கொஞ்சம் கூட்டியும் எழுதியிருப்பேன். இந்த மாதக் கடைசியில் சதாசிவண்ணன் காரியம் முடிவாகும் என்கிறார்கள். முடிந்துவிட்டால் எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

அம்மா உன் மூக்கைக் கேட்டாள்.
அண்ணன்


நவகன்னியர் இல்லம்
4 பிப்ரவரி 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இயேசுவுக்குப் புகழ். நான் சுகம் என்று எழுத வேண்டும். பாதி சுகம்.

உங்கள் கடிதம் கிறிஸ்துமசுக்கு இரண்டு நாள் முன்பே வந்துவிட்டது. மதர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். "முதல் நாலு வரி படித்தேன். இது எனக்கு எழுதினதில்லை" என்று மடித்துக் கையில் வைத்தார். அதன் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட என்னிடம் கேட்கவில்லை.

ஜனவரியில் நான் எழுதாதது என் தப்பு. எழுதினால் ஏதாவது சொல்ல வேண்டும். எனக்கு உங்கள்மேல் கோபமாக இருந்தது. பிறகு பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். புகைக்கு ஒரு வழி செய்யுங்கள் என்று எழுதியது நான். என்ன வழி என்று ஆகஸ்டில் கேட்டேன், பதில் வராதபோது விட்டுவிட்டேன். இங்கே தினமும் இரவு ஜெபத்துக்கு முன் அன்றன்றைய தப்புகளை யோசித்துப் பார்ப்போம். இந்த ஆறு வாரமாக அங்கே நான் உங்கள் தப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்களுக்காக மன்னிப்புக் கேட்டுக் கேட்டுப் பார்த்தேன். அது என்னால் கேட்டு வாங்கித் தரக்கூடியதாகத் தெரியவில்லை.

நீங்கள் சின்ன வயதில் பொய் சொன்னால் காது சிவக்கும். அந்த அறையில் சதாசிவண்ணன் உங்கள் காதைப் பார்த்திருப்பார்.

கிழித்து அடுப்பில் போடச் சொன்னீர்கள். அடுப்படி வேலை இந்த மாதம் எனக்குத்தான், இரண்டு தடவை கொண்டும் போனேன். போட முடியவில்லை. இந்த உறைக்குள்ளேயே அது இருக்கிறது, ஒரு தாளும் குறையாமல். மதர் சொன்னதையே நானும் சொல்கிறேன் அண்ணா. இது எனக்கும் எழுதினதில்லை. விலாசம் மாறி வந்துவிட்டது. போய்ச் சேர வேண்டிய இடம் உங்கள் ஆசுபத்திரிக்குள்ளேயே, மாடிப்படி ஏறினால் முதல் அறை.

நீங்கள் என்ன செய்தாலும் என் அண்ணன்தான். பயமாக இருக்கிறது என்று எழுதினீர்களே, எனக்கும் பயமாக இருக்கிறது. அம்மாவை நினைத்தால் இன்னும் பயம்.

நீது


குளத்தூர்
17 மார்ச் 2024

என் நீது மக்களே,

அம்மா சுகம். முட்டுவலி பரவாயில்லை. உன் கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. அதில் எட்டு நாள் அந்தத் தாள்களைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தேன். சதாசிவண்ணன் காரியத்தை மூன்று வாரம் தள்ளி வைத்திருந்தார்கள். அது முடிவாகிற நாள் காலையில் மாடிப்படி ஏறினேன்.

டாக்டர் லீலாபாய் உட்காரச் சொல்லவில்லை. முழுவதும் படித்தார். மதருக்கு எழுதிய வரியைப் பார்த்து, "இது ஆரு?" என்றார். சொன்னேன். வேறு காகிதத்தில் திருத்தி எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். "வேண்டா. இது போதும்" என்று ஃபைலில் வைத்தார். நான் அடியில் ஒரு வரி மட்டும் சேர்த்திருந்தேன். புகைக்குழாயைப் பத்தடி உயர்த்த வேண்டும் என்று.

வேலை போயிற்று. ஃபைல் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறது. எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது. வாசலில் பைக் சத்தம் கேட்டால் எழுந்து போய் எட்டிப் பார்க்கிறேன். இப்போது பாறசாலையில் ஒரு மோட்டார் வைண்டிங் கடையில் நிற்கிறேன். அம்மா ஒரு நாள் முழுக்கப் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. மறுநாள் குளித்துவிட்டுத் தனியாகச் சதாசிவண்ணன் வீட்டுக்குப் போய் வந்தாள். என்ன பேசினாள் என்று இதுவரை சொல்லவில்லை. கேட்கவும் எனக்கு முகமில்லை.

நேற்று சனிக்கிழமை. கடையில் ஒரு மணிநேரம் லீவு கேட்டுவிட்டு ஆசுபத்திரிக்கு எதிரே பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன். எதற்கு என்று எனக்கே தெரியாது. குழாயை உயர்த்தியிருக்கிறார்கள். ஜன்னலுக்கு மேலே, கூரையையும் தாண்டிப் போகிறது. இரண்டு மணிநேர வேலை.

சதாசிவண்ணன் காக்கி போட்டுக்கொண்டு கேட்டில் நின்றார். என்னைப் பார்த்துவிட்டார். ரோட்டைத் தாண்டி வந்தார். நான் கும்பிட்டேன். கையைத் தட்டிவிட்டார்.

"என்னத்துக்குல இங்க வந்து நிக்குத?"

"சும்மா அண்ணே."

"சும்மா ஒண்ணும் நிக்காண்டாம். மணி எவ்வளவு?"

"பத்துக்கு ரெண்டு நிமிசம் உண்டு."

"வாச்சைப் பாத்துக்கோ. நான் போயி ஓட்டுதேன். பதினஞ்சு நிமிசம் ஆச்சான்னு நீயே எண்ணு. இனி ஒருத்தன் எழுதுனதுல நான் ஒப்பிட மாட்டேன் கேட்டியா." சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். மன்னித்தாரா என்று தெரியவில்லை. இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

அப்போது பொழியூர் பஸ் வந்தது. லேகா இறங்கினாள், தோளில் பிள்ளை. டாக்டரிடம் காட்ட வந்திருப்பாள். அவளுக்கு என்னைத் தெரியாது, என் பக்கத்திலேயே நின்று ரோடு தாண்டப் பார்த்தாள். பிள்ளையின் கன்னம் அவள் தோளில் கிடந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்காததுபோல் இருந்தது. தலை நிற்கிறதா? எனக்கு அதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

பத்து மணிக்கு ஜெனரேட்டர் ஒரு இடி இடித்து ஸ்டார்ட் ஆயிற்று.

பிள்ளை திடுக்கிட்டது. தோளிலிருந்து தலையைத் தூக்கியது, ஆடி ஆடித் தூக்கியது. சத்தம் வந்த பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு வீறிட்டு அழுதது.

லேகா "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று முதுகைத் தட்டிக்கொண்டே ரோடு தாண்டினாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அங்கேயே நின்றேன். பதினைந்து நிமிடமும் ஓடியது மக்களே.

அண்ணன் அஜீஷ்